தலைதீபாவளிக்குச் செய்த சாக்லேட்

சித்தி வீட்டிலேயே சாக்லேட் செய்யப்போவதாகச் சொன்னபோது அம்மா நம்பவில்லை. சாக்லேட் என்பது கடையில் வாங்குகிற சாமான், சோப்பு, பற்பசை, தீப்பெட்டி மாதிரி என்றாள். தீப்பெட்டியை மட்டும் அவள் சேர்த்திருக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் தீப்பெட்டி ஒட்டித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். சித்தி அதைச் சொல்லிக் காட்டியதும் அம்மா, "என்னமும் செய்யி. சட்டியைத் தீய்க்காமச் செய்யி," என்று விட்டுவிட்டாள்.

அது சித்தியின் தலைதீபாவளி. சித்தி என்றால் அம்மாவின் ஒரே தங்கை. இருவருக்கும் தாய் தகப்பன் இல்லை. அம்மா கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்தபோது தங்கையையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தாளாம். அதனால் நான் பிறந்ததிலிருந்தே சித்தி எங்கள் வீட்டில்தான். எனக்குத் தலை பின்னியவள், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவள், அப்பாவிடம் அடி விழாமல் காப்பாற்றியவள் எல்லாம் அவள்தான். அந்த வருஷம் ஆவணியில் அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். நான் அப்போது நாலாம் வகுப்பு.

மாப்பிள்ளை போலீஸ்காரர். எங்கள் வீட்டு நிலைவாசலில் குனிந்துதான் நுழைவார். மீசை அவர் வருவதற்கு முன்னால் வந்துவிடும். கல்யாணப் பந்தலில் என்னைத் தூக்கிப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டபோது, ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவள் மாதிரி நான் அசையாமல் இருந்திருக்கிறேன். போட்டோவில் இன்றைக்கும் அப்படித்தான் தெரிகிறது. அவருக்கு வடக்கே ஒரு ஊரில் டியூட்டி. கல்யாணம் முடிந்த வாரமே லீவு தீர்ந்து கிளம்பிவிட்டார். குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகு சித்தியைக் கூட்டிப்போவதாகப் பேச்சு. அதுவரைக்கும் சித்தி மாமியார் வீட்டில் இருந்தாள். அந்த மாமியார் அடுப்படியை யாருக்கும் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. ஆக, கல்யாணமாகி இரண்டு மாசமாகியும் சித்தி தன் கையால் ஆக்கி அவருக்கு ஒரு வாய் கொடுத்ததில்லை. குடும்பம் போனில்தான் நடந்தது.

இதற்காகத்தான் சாக்லேட். பலகாரம் செய்து அவரை அசத்த முடியாது என்று சித்தி முடிவுகட்டியிருந்தாள். அவர்கள் ஊர்க்காரர்களிடம் எந்த இனிப்பை நீட்டினாலும், தின்று முடித்துவிட்டு, "எங்க ஊருப் பால்கோவா மாதிரி வராது," என்பார்கள். கல்யாண வீட்டில் எங்கள் லட்டுக்கு அப்படித்தான் ஆயிற்று. ஆகவே அந்த ஊரில் யாரும் செய்யாததாக இருக்க வேண்டும், வாயில் போட்டதும் பேச்சு நின்றுவிட வேண்டும் என்றாள்.

பேச்சு நின்றுதான் போயிற்று.

மாப்பிள்ளைக்குத் தீபாவளிக்கு முந்தின நாள்தான் லீவு கிடைக்கும் என்பதால் சித்தி முன்கூட்டியே வந்துவிட்டாள். செய்முறை அவளுடைய போனில் இருந்தது. ஒரு அம்மாள் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே சாக்லேட் செய்து காட்டினார். சித்திக்கு இந்தி தெரியாது. "பேச்சு எதுக்கு? கையைப் பாத்தாப் போதும்," என்று அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். பஜாரில் கேக் சாமான் விற்கிற கடையில் செங்கல் மாதிரி ஒரு சாக்லேட் கட்டி வாங்கி வந்தோம். அதைச் சீவி, வெந்நீர்ச் சட்டியின்மேல் இன்னொரு கிண்ணத்தை வைத்து, அந்த ஆவியில் உருக்க வேண்டும். முதல் தடவை கிண்ணத்துக்குள் ஒரு சொட்டு வெந்நீர் தெறித்துவிட்டது. அவ்வளவுதான், பளபளவென்று உருகிக்கொண்டிருந்தது ஒரு நொடியில் களிமண்ணாகத் திரண்டுகொண்டது. சித்தி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சட்டி போச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுபடி கடைக்கு ஓடினோம். இரண்டாவது தடவை சித்தி அடுப்பைத் தணித்து, மூச்சைக்கூட அளந்து விட்டாள்.

என் வேலை நிலக்கடலை. அப்பாவோடு மில்லில் வேலை பார்ப்பவர் ஒருவர் தன் காட்டில் விளைந்த கடலையைக் கொடுத்திருந்தார். சித்தி அதை வாணலியில் மணக்க வறுத்துத் தந்தாள். நான் முற்றத்தில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துத் தோலை ஊதினேன். தோல் பறந்து என் தலையிலும் பாவாடையிலும் ஒட்டிக்கொண்டது. ஒன்றிரண்டாக உடைத்த கடலையையும், கொஞ்சம் முந்திரியையும் உருகிய சாக்லேட்டில் கொட்டிக் கிளறி, பிரிட்ஜில் ஐஸ் வைக்கிற தட்டில் ஊற்றினாள் சித்தி. இறுகின பிறகு தட்டைக் கவிழ்த்துத் தட்டினால் பொலபொலவென்று விழுந்தன, சின்னச் சின்னக் கட்டிகளாக. ஓரம் உடைந்த ஒன்றை என் வாயில் போட்டாள். கரைந்துகொண்டே போய் நடுவில் கடலை கடிபட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படிட்டி இருக்கு? சொல்லுட்டி," என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். மிச்சத்தை எல்லாம் வண்ணத்தாளில் சுற்றி, எவர்சில்வர் தட்டில் கோபுரமாக அடுக்கினோம்.

தீபாவளியன்று விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, சாமி கும்பிட்டு வெடி எல்லாம் முடிந்து, இலை போட்டார்கள். இட்லியும் கறிக்குழம்பும் வடையும். தாய் இல்லாத வீடு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அம்மாவுக்குப் பெரிய கவலை. மாப்பிள்ளை இலையில் இடம் தெரியாத அளவுக்கு வைத்தாள். அவர் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இலையை மடித்து எழுந்தபோது அவர் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. முன்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா தெருவில் மத்தாப்புக் கொளுத்துகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

சித்தி தட்டை என் கையில் கொடுத்தாள். அவள் அடுப்படிக் கதவோரம் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு நின்றாள். கழுத்து மட்டும் இந்தப் பக்கம் நீண்டிருந்தது.

நான் தட்டை நீட்டினேன். "சித்தி செஞ்சது சித்தப்பா. சாக்லேட்டு."

அவர் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துத் தாளைப் பிரித்தார். பிரித்ததும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சிரிப்பு நின்றது.

"இதுல என்ன பாப்பா போட்டிருக்கு?" என்றார். எனக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாக.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நிலக்கடலை சித்தப்பா. நாந்தான் தோல் எடுத்தேன். முந்திரியும் இருக்கு. ஆனா கடலைதான் நெறைய."

அவர் அந்தக் கட்டியை விரல்களுக்கு நடுவில் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி அடுப்படிக் கதவைப் பார்த்தார். சித்தி அங்கே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் அதை வாயில் போட்டார். மென்ற மாதிரித் தெரியவில்லை. மாத்திரையை முழுங்குவதுபோல ஒரே முழுங்காக முழுங்கிவிட்டு, "நல்லா இருக்கு," என்று கதவுப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"இன்னொண்ணு எடுத்துக்கிடுங்க மாப்பிள்ளை," என்றாள் உள்ளேயிருந்து அம்மா.

அவர் இன்னொன்றும் எடுத்தார்.

சித்தி சிரித்தபடி உள்ளே மறைந்துகொண்டாள். நான் தட்டை முக்காலியில் வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்து எனக்கொன்று பிரித்தேன். அதைத் தின்று முடிப்பதற்குள் அவர் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தார். பிறகு முழங்கையை. செருமினார். தண்ணீர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்காமல் எழுந்து கொல்லைப்புறம் குழாயடிக்குப் போனார். போகிற போக்கில் நிலையில் தலை இடித்துக்கொண்டார்.

கொல்லையில் அவர் காறுகிற சத்தம் கேட்டது. பிறகு விசில் அடிப்பது மாதிரி ஒரு சத்தம். யார் விசில் அடிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் நான் போனேன்.

துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு அவர் மண்டியிட்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அது அவர் முகமே இல்லை. உதடு இரண்டும் தடித்துத் தொங்கின. கண் இருந்த இடத்தில் ஒரு கோடு இருந்தது. மீசை கோணிக்கொண்டு வேறு யாருடைய மீசையோபோல ஒட்டியிருந்தது. கழுத்தெல்லாம் சிவப்பாகத் தடித்திருந்தது. அந்த விசில் சத்தம் அவர் மூச்சு. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அப்படியே கல்லின்மேல் சரிந்தார்.

எனக்குக் கத்த வரவில்லை. வாயில் சாக்லேட் இருந்தது. துப்பவும் தோன்றவில்லை, முழுங்கவும் தோன்றவில்லை. என் பின்னால் வந்த சித்திதான் கத்தினாள். அந்தச் சத்தத்தை இதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தெருவில் வெடித்துக்கொண்டிருந்த சரம் அடங்கி, ஆட்கள் உள்ளே ஓடிவந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வாழைத்தார் ஏற்றுகிற குட்டியானை வண்டி வைத்திருந்தார். அதில் சித்தப்பாவைத் தூக்கிக் கிடத்தினார்கள். நாலு பேர் சேர்ந்தும் தூக்கத் திணறினார்கள். சித்தி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா ஏறினாள், அப்பா ஏறினார், நானும் ஏறினேன். என்னை யாரும் இறங்கு என்று சொல்லவில்லை. தெருவெல்லாம் புகை. டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே போக, அது ஏதோ தீபாவளி விளையாட்டு என்று நினைத்துப் பையன்கள் கை தட்டினார்கள். சித்தி, "ஏங்க, ஏங்க," என்று அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாதவளுக்கு அதைத்தவிர வேறு வார்த்தை இல்லை.

முதலில் போன ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. அடுத்ததில் டாக்டரம்மா இருந்தார். பண்டிகைக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு ஓடிவந்து, அவர் முகத்தைப் பார்த்ததுமே ஒரு வார்த்தை கேட்காமல் தொடையில் ஊசி போட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள்.

நாங்கள் வராந்தாவில் நின்றோம். சித்தியின் அரக்குச் சேலை மடியெல்லாம் அவர் எடுத்த வாந்தி. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தெரியவில்லை. அம்மா, "கறி கெட்டுப்போச்சா? நான் விடிய முன்னாடிதானே வாங்குனேன்? நம்மளும் அதத்தானே தின்னோம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் வெளியே வந்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அம்மா இட்லி, கறிக்குழம்பு, வடை என்று சொன்னாள். சாக்லேட்டைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அதை ஒரு சாப்பாடாக யாரும் நினைக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பா போன் போட்டிருந்தார். பக்கத்து ஊர்தானே, சீக்கிரமே வந்துவிட்டார்கள். சித்தப்பாவின் அம்மாவும் அண்ணனும். சித்தி, "அத்தை..." என்று எழுந்து போனாள். மாமியார்க்காரி அவள் கையைத் தட்டிவிட்டார்.

"ஏட்டி, எம்பிள்ளைக்கு என்னத்தக் குடுத்தே?"

"ஒண்ணும் இல்ல அத்தை. நாங்க எல்லாரும் சாப்பிட்டதுதான்..."

"நல்லா வந்த பிள்ளைக்கு எப்படி இப்படி ஆச்சு? நீ என்னத்தயோ வச்சிருக்கே. கைக்குள்ள போட்டுக்கிடணும்னு மருந்து வச்சிருக்கே!"

எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு உண்டு. புருஷனை வசப்படுத்தச் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்பார்கள். நானே அதை ஏதோ பேய்க்கதைபோலத்தான் கேட்டிருக்கிறேன். அதை என் சித்தியைப் பார்த்து ஒருவர் சொல்வார், அதுவும் ஆஸ்பத்திரி வராந்தாவில், அந்நிய ஆட்கள் பார்க்கச் சொல்வார் என்று நான் எப்படி நினைத்திருக்க முடியும்? என் காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

சித்தி வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள்.

அப்பா, "வார்த்தையை அளந்து பேசுங்க அத்தாச்சி. உள்ள உசுருக்குப் போராடுதாரு, இப்பப் பேசுற பேச்சா?" என்றார்.

"உசுருக்குப் போராடுதது எம்பிள்ளை!"

சித்தப்பாவின் அண்ணன் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "இட்லி கறியைத் தவிர வேற என்ன குடுத்தீக?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அப்போதுதான் நினைவு வந்து சாக்லேட்டைச் சொன்னாள். "வீட்டுல செஞ்சதா? யாரு செஞ்சா?" என்றார். எல்லாரும் சித்தியைப் பார்த்தார்கள். அவர் பக்கத்து வீட்டுக்காரரோடு வண்டியில் போய், எங்கள் முன்கட்டில் முக்காலியில் இருந்த தட்டை அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் கவிழ்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சு போட்டார். "தம்பிகூட வேலை பாக்குற ஆளுக கேப்பாக. இதை யாரும் தொடாதீக. சோதிக்கக் குடுக்கணும்," என்றார்.

நேற்று ராணிபோல என் சித்தி வண்ணத்தாளில் சுற்றிய சாக்லேட், திருடிய சாமான் மாதிரி அந்தப் பெஞ்சில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சித்தியைப் பார்த்தார்கள். மறுபடி அதைப் பார்த்தார்கள். அம்மா சித்தியின் முன்னால் போய் நின்று தன் முதுகால் அவளை மறைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். "மூச்சு வருது. ஆனா இன்னும் ஆபத்து நீங்கல. அவருக்கு ஏதோ ஒண்ணு ஒத்துக்கல. என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இறால், முட்டை, முந்திரி, கடலை, இப்படி ஏதாவது குடுத்தீங்களா?"

"கடலை," என்றேன்.

யாரும் என்னைக் கவனித்திருக்கவில்லை. டாக்டரம்மா குனிந்தார். "என்னம்மா சொன்னே?"

"சாக்லேட்டுல கடலை இருந்துச்சு. சித்தப்பா என்ன போட்டிருக்குன்னு கேட்டாக. நான் நிலக்கடலைன்னு சொன்னேன். பொறவுதான் தின்னாக."

சித்தப்பாவின் அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். கோபத்தில் சிவந்திருந்த முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துப்போயிற்று.

டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டார். "அம்மா, இதுக்கு முன்னாடி உங்க பையனுக்கு இப்படி வந்திருக்கா?"

அவர் முந்தானை நுனியைத் திருகினார்.

"கேக்குறேன்ல? மறைக்குற நேரமா இது?"

"சின்னப்பிள்ளையில வந்துச்சு," என்றார் அவர். குரல் தரையைப் பார்த்து வந்தது. "பள்ளிக்கூடத்துல கடலை மிட்டாய் தின்னுட்டு வந்து இப்படித்தான் முகமெல்லாம் வீங்கிப்போச்சு. அதுக்குப் பொறவு நாங்க கடலையே வீட்டுக்குள்ள வாங்குறதில்ல. போலீசுக்கு எடுக்கையில சொல்லல. சொன்னா வேலை கிடைக்குமா? பொண்ணு பாக்கையிலயும் சொல்லல. சீக்காளின்னு ஒரு பேரு வந்துட்டா யாரு பொண்ணு குடுப்பா?"

சித்தப்பாவின் அண்ணன், "ஆத்தா!" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அந்த ஒரு சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

சித்தி அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "கடலை பித்தம்னுதானே சொன்னீக அத்தை? ஏன் கடலைச் சட்னி அரைக்கிறதில்லன்னு நான் கேட்டேன். எனக்குப் பித்தம், ஒத்துக்கிடாதுன்னு சொன்னீக. உங்களுக்குன்னுதானே நான் நினைச்சேன்?"

மாமியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்பாவுக்குக் கோபத்தைவிடத் திகைப்புத்தான் பெரிதாக இருந்தது. "கடலையா?" என்று டாக்டரம்மாவிடம் மறுபடி மறுபடி கேட்டார். "நம்ம ஊருக் கடலையா டாக்டர்? மில்லுல எங்க ஆளுக டீக்குக் கடலை மிட்டாய்தான் தின்பாக. பச்சைப்பிள்ளையில இருந்து திங்கிறோமே. அதத் தின்னு ஒரு ஆளு சாவானா?" சிலருக்கு அப்படித்தான், ஒரு பருப்பு போதும், தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும் என்றார் டாக்டரம்மா. இன்னும் செத்த நேரம் தாமதித்திருந்தால் தான் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் மடியிலிருந்த வறுகடலைப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

அண்ணன்காரர் பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டார். யாரையும் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொண்டார். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலும் எனக்கு அத்தனை சாக்லேட்டும் போகிறதே என்று இருந்தது.

சித்தப்பா பிழைத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிய ஆரம்பித்துவிட்டது. இப்போதே சொல்லிவிடுகிறேன்: இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். மீசை நரைத்துவிட்டது. சித்தி எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்காருமுன் சமையல்காரரிடம் போய், எதில் என்ன அரைத்திருக்கிறது, எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டுத்தான் அவரை உட்காரவிடுவாள். இதனால் அவளுக்கு அகம்பாவக்காரி என்று எங்கள் சொந்தத்தில் ஒரு பேர் உண்டு. அவள் மாமியார் அந்தத் தீபாவளியைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் அந்த மாசமே அடுப்படியைச் சித்தியிடம் விட்டுவிட்டார். எங்கள் குடும்பங்களில் மன்னிப்பு அந்த மாதிரிதான் கேட்பது.

நான் சொல்ல வந்தது மறுநாள் காலையில் நடந்தது.

அம்மா ரசஞ்சோறு குழையப் பிசைந்து தூக்குவாளியில் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசலில் அம்மா டாக்டரம்மாவிடம் பேச நின்றுவிட்டாள். நான் வாளியோடு உள்ளே போனேன். சித்தப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஊசிக் குழாய். முகம் பாதிக்கு மேல் அவர் முகமாகத் திரும்பியிருந்தது. சித்தி முந்தின நாள் சேலையிலேயே ஸ்டூலில் இருந்தாள். அந்த மடியை எப்போதோ தண்ணீரில் கசக்கியிருக்கிறாள், அது காய்ந்து மொடமொடவென்று நின்றது. நான் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. நான் கால்மாட்டில் நின்றேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றாள் சித்தி. "பாப்பா கடலைன்னு சொன்னது உங்க காதுல விழுந்துச்சா, விழல்லியா?"

"விழுந்துச்சு."

"வாடையும் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுச்சு."

"பொறவு ஏன் தின்னீக?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். குரல் இன்னும் கரகரத்தது. "நீ கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்தே. வேண்டாம்னு சொல்ல வாய் வரல. சின்னப்பிள்ளையில வந்ததுதானே, இப்ப உடம்பு தேறியிருக்கும், கொஞ்சம் அரிக்கும், அம்புட்டுத்தான்னு நினைச்சேன்."

எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன். அந்த மீசைமேல் இருந்த பயம்கூட அந்த நிமிஷத்தில் போய்விட்டது. சித்தி இப்போது அழுவாள், அவர் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

சித்தி அழவில்லை. அவரை நேராகப் பார்த்தாள். நான் பிறந்ததிலிருந்து பார்த்த முகம்தான் அது, ஆனால் அப்படி ஒரு பார்வையை அதில் நான் கண்டதில்லை. சத்தம் போடாமல் சொன்னாள்:

"என்னையக் கொல்லப் பாத்திருக்கீக."

அந்தப் போலீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் திடுக்கிட்டுப்போனேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினேன். அம்மா அப்போதுதான் டாக்டரம்மாவிடம் பேசி முடித்து வந்துகொண்டிருந்தாள். அவள் சேலையைப் பிடித்து இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பா சொன்னது, சித்தி சொன்னது, எதையும் விடவில்லை. கடைசியில், "சித்தி பயத்துல மாத்திச் சொல்லுதாம்மா. சாகக் கிடந்தது சித்தப்பால்ல? சித்திக்குத்தான் ஒண்ணும் ஆகலையே?" என்றேன்.

அம்மா என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அவ சரியாத்தாம்ட்டி சொல்லியிருக்கா," என்றாள். "அவரு போயிருந்தா அந்தப் பை நேரா போலீசுக்குத்தானே போயிருக்கும்."

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் எரிந்த வெடித்தாள் குவிந்து கிடந்தது. அதைக் காலால் எத்திக்கொண்டே நடந்தேன். அம்மா, சித்தி என்று பெரியவர்கள் இரண்டு பேரும் எப்படி ஒரே வார்த்தையைத் தப்பாகச் சொல்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.